பழைய லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி, கழற்றிய ஹார்ட் டிஸ்க்குக்கு வேறு வேலை

லேப்டாப்பை ஆன் செய்து, திரை வந்த கையோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்தும் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? அதே சமயம் படிக்கும் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு எம்பியைத் தாண்டவில்லையா? பக்கத்துப் பத்தியில் சிபியு பத்து சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

100 சதவீதம் வேலை, ஆனால் ஒரு எம்பி வேகம். இது எப்படி என்று பலருக்குக் குழப்பம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. கேட்ட தகவல் தட்டில் எங்கே இருக்கிறதோ அந்தத் தடத்துக்கு முள் நகர வேண்டும். அப்புறம் அந்த இடம் சுற்றி வந்து முள்ளுக்குக் கீழே சேரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து சராசரியாக 17, 18 மில்லிநொடி ஆகிவிடும். ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் அதனால் ஓடி எடுத்துத் தர முடியாது. ஒவ்வொரு தடவையும் 4 கேபி என்றால் மொத்தம் 240 கேபிதான். விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை இப்படித்தான் சிதறலாகக் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் தகவல் சில்லுகளில் இருக்கும்; சுற்றும் தட்டும் கிடையாது, நகரும் முள்ளும் கிடையாது. விலை குறைந்த எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துக் கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேம் 2 ஜிபி மட்டும் இருக்கும் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டால் பூட் ஆவது வேகமாகும், ஆனால் குரோமில் நாலு டேப் திறந்ததும் மறுபடி திணறும். குறைந்தது 4 ஜிபி, முடிந்தால் 8 ஜிபி. கையில் இருக்கிற பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ரேம் ஏற்கெனவே 4 ஜிபி இருக்கும்பட்சத்தில் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள்.

உங்கள் லேப்டாப்பில் மாற்ற முடியுமா?

2008 முதல் 2018 வரை வந்த பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது சாட்டா என்ற இணைப்பு கொண்ட 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். அதே அளவில், அதே இணைப்போடு எஸ்எஸ்டி கிடைக்கிறது. பழையதைக் கழற்றிய இடத்தில் புதியதைச் செருகினால் போதும். 2010 வாக்கில் வந்த லேப்டாப்களில் சாட்டா இரண்டாம் தலைமுறை இருக்கலாம். அதில் எஸ்எஸ்டி அதன் முழு வேகத்தில் பாதியோடு நின்றுவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்குக் கிடைக்கிற லாபம் பெரும்பாலும் அந்த 18 மில்லிநொடிக் காத்திருப்பு போவதில்தான் இருக்கிறது.

மாற்ற முடியாத சில இருக்கின்றன. 2005, 2006க்கு முந்தைய லேப்டாப்களில் 44 ஊசி வைத்த ஐடிஇ என்ற பழைய இணைப்பு டிஸ்க் இருக்கும். அதற்குச் செலவு செய்ய வேண்டாம். 32 ஜிபி, 64 ஜிபி என்று போட்டு விற்ற மலிவு விலை லேப்டாப்கள் சிலவற்றில் சேமிப்பகத்தை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்; அதைக் கழற்ற வழியில்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் என்பதைத் திறந்து, அங்கே காட்டும் மாடல் எண்ணை இணையத்தில் தேடினால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது மாடலைப் பொறுத்தது. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாகக் குவிந்து கிடக்கும் ஆபீஸ் லேப்டாப்கள் இந்த விஷயத்தில் தங்கமானவை. டெல் லாடிட்யூட் இ6430 என்றால் அடியில் இரண்டு திருகாணியைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் இழுத்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும். லெனோவோ திங்க்பேட் டி420இல் ஒரே ஒரு திருகாணிதான். மெல்லிசான புது மாடல்கள் பலவற்றில் அடி மூடி முழுவதையும் திறக்க வேண்டும். சிலவற்றில் கீபோர்டையே எடுக்க வேண்டியிருக்கும். திருப்புளியை எடுப்பதற்கு முன் உங்கள் மாடல் பெயரோடு ஹார்ட் டிஸ்க் மாற்றும் வீடியோவைத் தேடி ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடுங்கள். பார்த்ததும் வயிற்றைக் கலக்கினால் கடைக்காரரிடம் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பழைய டிஸ்க்கைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன வாங்க வேண்டும்

முதலில் கொள்ளளவு. நிறைய பேர் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. பழையது 500 ஜிபி, கடையில் 480 ஜிபி எஸ்எஸ்டி கிடைக்கிறது, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று வாங்கிவந்துவிடுவார்கள். அப்படியே நகலெடுக்கும் மென்பொருள்கள் சில, போய்ச்சேரும் டிஸ்க் ஒரு எம்பி குறைந்தாலும் மாட்டேன் என்று நின்றுவிடும். க்ளோனிசில்லா அப்படிப்பட்டது. ஆகவே முதல் தடவை செய்கிறவர்கள் பழையதற்குச் சமமான அளவோ அதைவிடப் பெரியதோ வாங்குவது தலைவலியைக் குறைக்கும். 500 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, எழுத எழுத வரும் தேய்மானம். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. க்ரூஷியல் எம்எக்ஸ்500 என்ற எஸ்எஸ்டியின் 500 ஜிபி மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு, மொத்தம் 180 டிபி எழுதலாம் என்பது. ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 7 டிபி சொச்சம். அந்தக் கணக்கு தீர 24 வருடம் ஆகும். அதற்குள் லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

மூன்றாவது, தடிமன். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர், பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 9.5. குழிக்குள் ஆடினால் அட்டைத் துண்டு வைத்துக்கூடச் சமாளிக்கலாம். பல எஸ்எஸ்டிகளோடு ஒரு பிளாஸ்டிக் சட்டம் இலவசமாக வரும்.

இதோடு சேர்த்து வாங்க வேண்டியது 2.5 அங்குல டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 கேஸ், அதாவது டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பி துளையில் இணைக்கும் சின்னப் பெட்டி. சில நூறு ரூபாய் ஆகும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எக்ஸ்டர்னல் டிஸ்க்காக மாற்றப் பயன்படுவது இதுதான் என்றாலும், இதை எஸ்எஸ்டியோடு அன்றைக்கே வாங்கிவிடுங்கள். நகலெடுக்கும்போது முதலில் புது எஸ்எஸ்டி இந்தக் கேஸில் உட்காரும். மாற்றி முடித்ததும் பழைய டிஸ்க் அதே கேஸில் உட்காரும். ஒரே பொருள், இரண்டு வேலை.

ஆன்லைனில் நம்பமுடியாத விலைக்கு 16 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி என்று வருவதைத் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும்.

பழையதின் நாடியைப் பிடித்துப் பாருங்கள்

நகலெடுக்கும் முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலை தெரிய வேண்டும். க்றிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவித் திறந்துபாருங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். நிறத்தோடு நின்றுவிடாமல் கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (தட்டில் தகவல் வைக்கும் சின்னத் துண்டுகள்) எத்தனை என்று சொல்லும். சி5, படிக்க முடியாமல் சந்தேகப் பட்டியலில் நிற்பவை. சி6, திருத்தவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. அந்த எண்கள் பதினாறடிமானத்தில் காட்டப்படும், அதனால் 10 என்று இருந்தால் 16 என்று படிக்க வேண்டும். மூன்று வரியின் எண்களையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சி5இல் எண் இருக்கிறது, கோப்பு திறக்கும்போது சிஸ்டம் உறைகிறது, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் திட்டத்தை மாற்றுங்கள். முழு நகலெல்லாம் வேண்டாம். முதலில் போட்டோ, கணக்கு, சான்றிதழ் ஸ்கேன் என்று முக்கியமானதை மட்டும் வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் செக் டிஸ்க் என்ற விண்டோஸின் சோதனைக் கருவியை ஓட்டிப் பார்க்காதீர்கள். மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்வது போலாகும்.

நகலா, புதிதா?

இரண்டு வழி இருக்கிறது. பழைய டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாக எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது ஒன்று. இதை க்ளோன் என்பார்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸையோ லினக்ஸையோ புதிதாக நிறுவிவிட்டு, கோப்புகளை மட்டும் கொண்டுவருவது இன்னொன்று.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். எட்டு வருடக் குப்பையை வேகமான டிஸ்க்குக்குக் குடிமாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மென்பொருள் நிறுவும் சிடி தொலைந்துபோன கடைக் கணக்கு, பிரின்டர் அமைப்பு, உரிமம் எங்கே என்று தெரியாத மென்பொருள் இதெல்லாம் இருந்தால் க்ளோன்தான் நடைமுறை.

புதிதாக நிறுவுவதாக இருந்தால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். விண்டோஸ் 10 செயல்படுத்தப்பட்ட லேப்டாப் என்றால் அதன் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கும். டிஸ்க்கை மாற்றியதால் போய்விடாது. நிறுவும்போது கீ கேட்டால் தாண்டிவிடலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பிரவுசர், யூடியூப், கடிதம் அடிப்பது, இவ்வளவுதான் வேலை என்றால் இந்தச் சாக்கில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் நிறுவிக்கொள்ளலாம்.

புதிதாக நிறுவுகிறவர்கள் மறந்துவிடும் பொருட்கள் சில உண்டு. மை டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். டாலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவு சி டிரைவில் தனி ஃபோல்டரில் கிடக்கலாம். பிரவுசர் புக்மார்க்கும், அதில் சேமித்த பாஸ்வேர்டும் அப்படித்தான். நம்மவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, அது எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வேர்டு கோப்புகள் இருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தாத்தா எழுதிய குடும்ப வரலாறு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அழகி, இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்று எதில் தட்டச்சு செய்கிறீர்களோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

க்ளோன் செய்வதென்றால் இப்படி. எஸ்எஸ்டியைக் கேஸில் பொருத்தி, யுஎஸ்பி வழியாக லேப்டாப்பில் இணையுங்கள். டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் அதை நீக்கி, முழுதும் அவிழும்வரை காத்திருங்கள். எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் பலர் நகலெடுக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள். பெட்டியில் உள்ள முகவரியில் தேடுங்கள். அப்படிப்பட்டவை பெரும்பாலும் பார்ட்டிஷன் (சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்த பகுதி) அளவைத் தாமே சரிசெய்துகொள்ளும். அந்த மென்பொருள் எங்கிருந்து, எங்கே என்று இரண்டு கேள்வி கேட்கும். அந்தத் திரையில் மட்டும் அவசரப்படாதீர்கள். காலியான எஸ்எஸ்டியை மூலமாகவும் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கை இலக்காகவும் காட்டிவிட்டால் அரை நொடியில் எல்லாம் தொலைந்தது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்களை நம்பாமல் தயாரிப்பாளர் பெயரையும் கொள்ளளவையும் சத்தமாக வாய்விட்டுப் படித்துவிட்டு அமுக்குங்கள். யுஎஸ்பி 3.0 துளையில் 180 ஜிபி நகலாக முக்கால் மணி நேரம் போல ஆகும். பழைய யுஎஸ்பி 2.0 துளை என்றால் ஒன்றரை மணி நேரம். சார்ஜர் செருகியிருக்கட்டும்.

நகல் முடிந்ததும் லேப்டாப்பை ஆஃப் செய்துவிடுங்கள். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து இணைந்த நிலையில் மறுபடி ஆன் செய்யாமல் இருப்பது நல்லது. ஒரே அடையாள எண் கொண்ட இரட்டையர்களைப் பார்த்தால் விண்டோஸ் குழம்பும்.

கழற்றி மாட்டுதல்

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் பாதித் தூக்கத்தில் இல்லாமல் முழுதாக அணையும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி வெளியே எடுக்கக்கூடியது என்றால் எடுத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல் என்றால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பானைப் பிரியுங்கள். ஏதாவது இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

திருகாணிகளுக்கு இட்லித் தட்டைவிட நல்ல பாத்திரம் நான் பார்த்ததில்லை. லேப்டாப்பின் அடியில் எந்த மூலையில் கழற்றினீர்களோ, தட்டில் அதே மூலைக் குழியில் போடுங்கள். நீளத் திருகாணியும் குட்டைத் திருகாணியும் கலந்துவிட்டால், குட்டைக்கான மரையில் நீளத்தை முறுக்கி கீபோர்டு பக்கம் பொத்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் மூடியை நெம்ப காலாவதியான ஏடிஎம் அட்டை போதும். மூடி மசியவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். எங்கேயோ ஒரு திருகாணி ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

டிஸ்க்கை இணைப்பானிலிருந்து நேராகப் பின்னால் இழுங்கள், மேலே தூக்காதீர்கள். அதைச் சுற்றி ஒரு உலோகச் சட்டம் இருக்கும்; நாலு திருகாணி கழற்றி அதே சட்டத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்துங்கள். திரும்பச் செருகும்போது எல் வடிவ இணைப்பான் எந்தப் பக்கம் என்று பார்த்து மெதுவாகத் தள்ளினால் ஒரு சின்ன இறுக்கத்தோடு உட்காரும். அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். பழைய டிஸ்க்கை எடுக்கவே வேண்டாம். இன்னொரு சாட்டா கேபிள் வாங்கி எஸ்எஸ்டியைப் பக்கத்தில் மாட்டினால் போதும். எஸ்எஸ்டியில் நகரும் பாகம் இல்லாததால் பெட்டிக்குள் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவைத்தால்கூடப் போதும்.

ஆன் செய்ததும் பூட் ஆகவில்லை, கறுப்புத் திரையில் டிஸ்க்கே இல்லை என்கிறது என்றால் பதறாதீர்கள். எஃப்2, எஃப்10, டெலீட் என்று உங்கள் மாடலுக்கான விசையை அமுக்கி, விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் சரியாகச் செருகவில்லை, மறுபடி கழற்றிப் பொருத்துங்கள். தெரிகிறது, ஆனால் பூட் ஆகவில்லை என்றால் பூட் வரிசையையும், லெகசி அல்லது யுஇஎஃப்ஐ என்ற பூட் முறை அமைப்பையும் பாருங்கள். பழைய டிஸ்க்கில் எது இருந்ததோ அதுவேதான் நகலுக்கும் இருக்க வேண்டும். சாட்டா மோட் என்ற இடத்தில் ஏஎச்சிஐ என்று இருப்பது நல்லது. புதிதாக நிறுவுகிறவர்கள் நிறுவுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள். க்ளோன் செய்தவர்கள் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம், தொட்டால் நீலத் திரைதான் மிஞ்சும்.

பதினைந்து நாள் அதைத் தொடாதீர்கள்

இனி பழைய டிஸ்க். கேஸ் காலியாக இருக்கிறது, கையும் துறுதுறுக்கிறது, உடனே ஃபார்மட் செய்து எக்ஸ்டர்னலாக்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மச்சான் கடை லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றிக் கொடுத்தபோது, சி டிரைவை மட்டும் நகலெடுத்துவிட்டு அன்று சாயங்காலமே பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன். லேப்டாப் பறந்தது. வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் காலை போன் வந்தது: "மாப்ளே, போன வருஷத்துக் கணக்கைக் காணோமே, டி டிரைவ்னு ஒண்ணு இருந்துச்சே, அது எங்க?" ஆடிட்டரிடம் இருந்த நகலை வைத்து முக்கால்வாசி மீண்டது. மீதியை மச்சான் பில் கட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு இரண்டு வாரம் தட்டினார். அந்த இரண்டு வாரமும் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

ஆகவே பழைய டிஸ்க்கில் தேதி எழுதி ஒட்டி, ஒரு காகித உறையில் போட்டு பீரோவில் வையுங்கள். பதினைந்து நாளில் ஒரு தடவையாவது மாதக் கணக்கு, பிரின்ட், வீடியோ கால், வங்கி வேலை எல்லாம் நடந்திருக்கும். எது விடுபட்டது என்று அப்போது தெரிந்துவிடும். ஏதாவது கோப்பு வேண்டுமென்றால் கேஸில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். க்ளோன் செய்தவர்களுக்கு அப்படி இணைக்கும்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியில் பழையது ஆஃப்லைன் என்று காட்டக்கூடும். நான் சொன்ன இரட்டையர் குழப்பம்தான் அது. அதை ஆன்லைன் என்று மாற்றினால் விண்டோஸ் அதற்கு வேறு அடையாள எண் எழுதிவிடும். கோப்புகள் தெரியும், ஆனால் அந்த டிஸ்க்கிலிருந்து மறுபடி பூட் செய்வது சிக்கலாகலாம். அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

துடைப்பதும் சோதிப்பதும் ஒரே வேலையில்

பதினைந்து நாள் ஆயிற்று, எதுவும் விடுபடவில்லை. இப்போது பழையதைக் கேஸில் போட்டு இணையுங்கள். கேஸின் கேபிளை யுஎஸ்பி 3.0 துளையில் செருகுவது முக்கியம். யுஎஸ்பி 2.0 துளைக்கான கணக்கு 500 மில்லி ஆம்பியர். பழைய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கலாம். போதாவிட்டால் டிக் டிக் என்று தவித்துவிட்டு அணைந்துவிடும். நல்ல டிஸ்க்கைச் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். துளையை மாற்றி, கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க் என்றால் அதற்கு 12 வோல்ட் வேண்டும், தனி அடாப்டரோடு வரும் கேஸ்தான் வாங்க வேண்டும்.

டிஸ்க் மேனேஜ்மென்டில் போய்ப் பழைய பார்ட்டிஷன்களை நீக்குங்கள். சில குட்டிப் பார்ட்டிஷன்கள் நீக்க விடாது. அப்போது டிஸ்க்பார்ட் என்ற கறுப்புத் திரைக் கருவியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து க்ளீன் என்று கொடுக்க வேண்டியிருக்கும். இங்கேயும் அதே எச்சரிக்கை. எந்த டிஸ்க் என்று கொள்ளளவைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். புது எஸ்எஸ்டியைத் துடைத்தால் பழைய டிஸ்க் காப்பாற்றும், பழையதையும் சேர்த்துத் துடைத்தவரைக் காப்பாற்ற ஆளில்லை.

அப்புறம் முழு அளவில் ஒரே பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் கொடுங்கள். அந்தப் பெட்டியில் க்விக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள். க்விக் என்றால் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுப் புத்தகத்தை அப்படியே விட்டுவிடும். கோப்புகளை மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதும், கெட்ட செக்டர்களையும் தேடும். துடைத்தது மாதிரியும் ஆயிற்று, ஒவ்வொரு அங்குலத்தையும் சோதித்தது மாதிரியும் ஆயிற்று. 500 ஜிபிக்கு யுஎஸ்பி 3.0இல் சுமார் இரண்டு மணி நேரம், 2.0இல் நாலு மணி நேரத்துக்கு மேல். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஃபார்மட் வகை கேட்கும். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக், லினக்ஸ், டிவி என்று எல்லாவற்றிலும் செருகுவேன் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நுழையாது. கல்யாண வீடியோ பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

முடிந்ததும் மறுபடி க்றிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்து, முன்பு தாளில் குறித்த மூன்று எண்களோடு ஒப்பிடுங்கள். மாறாமல் இருந்தால் டிஸ்க் தேறிவிட்டது. 05 ஏறியிருக்கிறது, சி5இல் ஏதோ நிற்கிறது என்றால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

தேறிய டிஸ்க்குக்கு என்ன வேலை

முதல் தகுதி பேக்கப். மாதம் ஒரு தடவை இணைத்து, புது எஸ்எஸ்டியில் உள்ள கோப்புகளை நகலெடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வைப்பது. எஸ்எஸ்டி நல்லதுதான், ஆனால் சாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல் சாகும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகி, கத்தி, ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போகும். மின்சாரம் இல்லாமல் வருடக் கணக்கில் அலமாரியில் கிடப்பதற்கும் எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்கே பரவாயில்லை. ஒரு நிபந்தனை: அந்த டிஸ்க்கில் இருப்பது இரண்டாவது நகலாகத்தான் இருக்க வேண்டும். இடம் காலியாக இருக்கிறதே என்று குழந்தையின் போட்டோக்களை லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டு இதில் மட்டும் வைக்கிறீர்கள் என்றால் அதற்குப் பேர் பேக்கப் இல்லை.

இரண்டாவது, டிவிடி டிரைவ் இருக்கும் லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய டிஸ்க்கை வைக்கலாம். அதற்கான சட்டத்துக்குக் கடையில் கேடி என்று பேர். நம்மூரில் கேடி என்றால் வேறு அர்த்தம், முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கும். 9.5, 12.7 என்று இரண்டு தடிமனில் வரும். டிவிடி டிரைவை அளந்துவிட்டுப் போங்கள். எஸ்எஸ்டி அதன் பழைய குழியிலேயே இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க் இங்கே வரட்டும். டிவிடி பக்க இணைப்பு சில மாடல்களில் மெதுவானது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டிவியின் பின்னால் செருகிப் பழைய படங்கள் பார்க்கலாம். யுஎஸ்பி துளை உள்ள ரவுட்டர் இருந்தால் அதில் மாட்டி வீட்டுக்கே பொது அலமாரியாக்கலாம். சிசிடிவி பெட்டியில் மட்டும் போடாதீர்கள். செலவு மிச்சம் என்று கடையில் யாராவது யோசனை சொல்லக்கூடும். ஆனால் இராப்பகலாக நிற்காமல் எழுதுவதற்குச் செய்யப்பட்டதல்ல லேப்டாப் டிஸ்க். திருடன் வந்த அன்றைக்குத்தான் அது பதிவு செய்யவில்லை என்று தெரியவரும்.

எந்த வேலைக்கு வைத்தாலும், சுற்றிக்கொண்டிருக்கும்போது கேஸை நகர்த்தாதீர்கள். முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவில் இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. ஸேஃப்லி ரிமூவ் கொடுத்து, சுழலும் அதிர்வு அடங்கும்வரை ஐந்தாறு நொடி காத்திருந்து, பிறகு எடுங்கள்.

தேறாத டிஸ்க்கை எடைக்குப் போடும் முன் அதிலுள்ள தகவலை அழிக்க வேண்டும். ஃபார்மட்டே முடியாத நிலை என்றால் திறந்து தட்டைக் கெடுக்க வேண்டியதுதான். மூடியில் நட்சத்திரத் தலைத் திருகாணிகள் இருக்கும், ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்கு அடியிலும் இருக்கும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. சுத்தியலால் தட்டினால் ஊசி ஊசியாகச் சிதறும், துணிப்பையில் போட்டுக் கட்டிவிட்டுத் தட்டுங்கள், கண்ணுக்கும் ஏதாவது மாட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். அதற்கு முன் முள்ளை ஆட்டும் பகுதியிலிருந்து காந்தங்களை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். சின்னதாக இருந்தாலும் விரலை நசுக்கும் அளவுக்குப் பலமானவை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இபி அட்டையையும் கேஸ் சிலிண்டர் புத்தகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அப்படி எடுத்த ஒன்றுதான்.